இலையால் நீர் குடிக்கும் செடிகள்

அன்னாசிப்பழத்தின் உச்சியில் இருக்கும் இலைக்கொத்தை வெட்டி எறிவதற்கு முன் ஒருமுறை உற்றுப் பாருங்கள். இலைகள் ஒன்றன் அடியை ஒன்று தழுவி, சுற்றடுக்காக நிற்கும். ஒவ்வோர் இலையும் நடுவில் உட்குழிந்து, விளிம்பில் முள் வரிசையுடன் இருக்கும். மேலிருந்து ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினால் அதில் பெரும்பகுதி கீழே சிந்தாது. இலைகளின் அடியில் தேங்கி நிற்கும். இந்த அமைப்புதான் புரோமீலியாட் என்ற பெரும் தாவரக் குடும்பத்தின் அடையாளம்.

இக்குடும்பத்தில் ஏறத்தாழ 3,600 சிற்றினங்கள் உள்ளன. ஒன்றைத் தவிர மற்ற எல்லாமே அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியவை. அந்த ஒன்றான பிட்கெர்னியா ஃபெலிசியானா மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டுப் பாறைச் சரிவுகளில் வளர்கிறது. கொலம்பஸின் கப்பல்கள் 1493 நவம்பரில் கரீபியத் தீவான குவாதலூப்பை அடைந்தபோது ஐரோப்பியர் அன்னாசியைக் கண்டார்கள். போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று கொல்லிமலைச் சரிவுகளில் அது உள்ளூர்ப் பயிராகவே ஆகிவிட்டது. அதன் உறவினங்கள் நம்மிடம் வந்தது அழகுச் செடிகளாக. நர்சரிகளில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூங்கதிர் நீட்டி நிற்கும் குஸ்மேனியா, நடு இலைகள் செக்கச்சிவந்த நியோரெஜீலியா, வாளைப்போல் தட்டையான பூங்கதிருடைய விரீசியா, வெள்ளிப் பட்டை போட்ட இலையும் இளஞ்சிவப்புப் பூங்கொத்தும் கொண்ட ஈக்மியா, மண்ணே இல்லாமல் கம்பியில் தொங்கும் டில்லாண்ட்சியா ஆகிய எல்லாமே இந்தக் குடும்பம்தான்.

இவற்றை வாங்கி வளர்ப்பவர்கள் தமிழ்நாட்டிலும் கூடிவருகிறார்கள். ஆனால் பலர் ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் பழகிய கையோடு வேரைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றுகிறார்கள், செடி அழுகிவிடுகிறது. புரோமீலியாடுக்கு வேர் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளத்தான். குடிப்பதும் உண்பதும் சேமிப்பதும் இலை. இலையைப் படிக்கக் கற்றவருக்கு இந்தச் செடியை வளர்ப்பதும் இனங்காண்பதும் சேகரிப்பதும் எளிதில் வசப்படும்.

செதில்கள் செய்யும் வேலை

ஒரு சாம்பல் நிற டில்லாண்ட்சியாவை எடுத்து நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். இலை முழுவதும் நுண்ணிய செதில்கள் அடர்ந்திருக்கும். ஒவ்வொரு செதிலும் வட்டமான ஒரு தட்டு. அதன் மேற்பகுதிச் செல்கள் இறந்தவை, உள்ளே வெறுமையானவை. தட்டின் நடுவிலிருந்து உயிருள்ள சில செல்களால் ஆன காம்பு ஒன்று இலைக்குள் இறங்குகிறது.

மழைத்துளி விழுந்ததும் இறந்த செல்கள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. தட்டு விரிந்து இலைமேல் படிகிறது. நீரும் அதில் கரைந்த உப்புகளும் காம்பு வழியாக உள்ளே போகின்றன. வெயில் வந்ததும் தட்டு வற்றிச் சுருங்கி, காம்பின் வாயை மூடிவிடுகிறது. உள்ளே போன நீர் அதே வழியில் வெளியேற முடிவதில்லை. நீரை உள்ளே விட்டு வெளியே விடாத இந்த ஏற்பாட்டுக்குச் செடி தனியாக ஆற்றல் செலவழிப்பதில்லை என்பது வியப்புக்குரியது. ஜெர்மானியத் தாவரவியலாளர் ஆந்திரியாஸ் ஷிம்பர் 1888-இல் அமெரிக்காவில் மரங்களின்மேல் வளரும் தொற்றுத்தாவரங்களைப் பற்றி எழுதிய நூல் செதில்களைப் பற்றிய ஆய்வுகளின் தொடக்க காலத்தைச் சேர்ந்தது.

உலர்ந்த செதில்களுக்குள் காற்று நிறைந்திருப்பதால் அவை ஒளியைச் சிதறடிக்கின்றன. இலை வெள்ளி நிறமாகத் தெரிகிறது. நனைந்ததும் செதில்கள் கண்ணாடிபோல் தெளிந்து, அடியிலுள்ள பச்சை வெளியே தெரிகிறது. ஆகவே தண்ணீரில் நனைத்த டில்லாண்ட்சியா பச்சையாக மாறினால் அது குடிக்கிறது என்று பொருள். மறுபடி வெள்ளியாகிவிட்டால் இலையின் மேற்பரப்பு காய்ந்துவிட்டது.

சிலியின் வடக்கே உள்ள அட்டகாமா பாலைவனத்தில் டில்லாண்ட்சியா லாண்ட்பெக்கி என்ற சிற்றினம் மணல்மேட்டில் வேரூன்றாமல் கிடந்து, கடலிலிருந்து வரும் மூடுபனியைக் குடித்தே வாழ்கிறது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஓக் மரங்களிலிருந்து சடைசடையாகத் தொங்கும் டில்லாண்ட்சியா உஸ்னியாய்டிஸுக்கு வளர்ந்தபின் வேரே கிடையாது. ஸ்பானியப் பாசி என்று அதற்குப் பெயர் வந்துவிட்டாலும் அது பூக்கும் தாவரம். அதன் உள்நாரைப் பதப்படுத்தி ஒருகாலத்தில் மெத்தைகளிலும் பழைய கார்களின் இருக்கைகளிலும் அடைத்தார்கள்.

மரத்தில் உட்கார்ந்திருப்பதால் இவற்றைப் புல்லுருவியோடு சேர்த்து நினைப்பது தவறு. மாமரத்தில் முளைக்கும் புல்லுருவி கிளைக்குள் உறிஞ்சியை இறக்கி மரத்தின் சாற்றைத் திருடுகிறது. புரோமீலியாட் கிளையைப் பிடித்துக்கொள்ள மட்டுமே செய்கிறது. மின்கம்பியிலும் டில்லாண்ட்சியா ரெக்கர்வாட்டா செழித்து வளர்வதே இதற்குச் சான்று.

இலைக்குள் ஒரு குளம்

செதிலை மட்டும் நம்பி வாழும் வகைகள் ஒருபுறம். மறுபுறம், அகன்ற இலைகளின் அடிகளை நெருக்கமாக அடுக்கி மழைநீரைத் தேக்கி வைக்கும் தொட்டி வகைகள். குஸ்மேனியா, விரீசியா, நியோரெஜீலியா, ஈக்மியா, பில்பெர்ஜியா ஆகியவை இந்த வகை. பெரிய செடிகளில் பல லிட்டர் நீர் நிற்கும். விழும் சருகும் பூச்சியின் எச்சமும் அதில் மட்கி உரமாகின்றன. இலையடியில் உள்ள செதில்கள் அந்தச் சத்தை உறிஞ்சுகின்றன.

கோஸ்டா ரிக்காவின் உயிரியலாளர் குளோடோமிரோ பிகாடோ 1913-இல் வெளியிட்ட ஆய்வில் இந்தத் தொட்டிகளில் வாழும் ஏறத்தாழ 250 வகை உயிரினங்களைப் பட்டியலிட்டார். மழைக்காட்டின் உச்சியில், தரையிலிருந்து எவ்வளவோ உயரத்தில் இருக்கும் சின்னஞ்சிறு குளங்கள் அவை.

ஜமைக்காவில் வாழும் ஒரு நண்டு தன் குஞ்சுகளைக் கடலிலோ ஆற்றிலோ விடுவதில்லை. புரோமீலியாட் இலைக்கக்கத்தில் தேங்கிய நீரில் வளர்க்கிறது. தாய் நண்டு அந்த நீரிலிருந்து சருகுகளை அகற்றுகிறது. நத்தை ஓடுகளைக் கொண்டுவந்து உள்ளே போடுகிறது. ஓட்டின் சுண்ணாம்பு நீரின் அமிலத்தன்மையைக் குறைக்கிறது. குஞ்சுகளின் ஓடு உருவாகக் கால்சியமும் தருகிறது. நடு அமெரிக்காவின் சிவப்பு நச்சுத்தவளை தன் தலைப்பிரட்டைகளை முதுகில் சுமந்து மரமேறி, தனித்தனி இலைக்கக்கங்களில் விடுகிறது. பிறகு தாய் திரும்பத் திரும்ப வந்து, கருவுறாத முட்டைகளை இட்டு அவற்றுக்கு உணவாகத் தருகிறது. தென் அமெரிக்காவில் பூச்சியுண்ணும் தாவரமான யூட்ரிக்குலேரியாவின் சில வகைகள் இந்தக் குளங்களிலேயே வாழ்கின்றன. கயானா மேட்டுநிலத்தைச் சேர்ந்த புரோக்கினியா ரெடக்டா தானே பூச்சியுண்ணும் புரோமீலியாட்: வழுவழுப்பான மெழுகு இலையில் சறுக்கி விழும் பூச்சிகள் அதன் தொட்டி நீரில் செரிக்கின்றன.

வளர்ப்பவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. தொட்டி வகைக்கு உரமும் நீரும் நடுக்குவளை வழியாகவே போக வேண்டும். வேர்ப்பகுதி லேசாக ஈரமாக இருந்தால் போதும்.

இரவில் திறக்கும் இலைத்துளைகள்

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே எடுக்கின்றன. அந்த நேரத்தில் நீரும் ஆவியாகப் போய்விடும். புரோமீலியாட்களில் பாதிக்குச் சற்றுக் குறைவான சிற்றினங்கள் வேறு வழியைக் கையாளுகின்றன. அவை இரவின் குளிர்ச்சியில் துளைகளைத் திறந்து, வாயுவை எடுத்து, மாலிக் அமிலமாக மாற்றிச் செல்களுக்குள் சேமிக்கின்றன. பகலில் துளைகளை மூடிக்கொண்டு, அந்த அமிலத்திலிருந்து வாயுவை மறுபடி விடுவித்து வெயிலின் துணையால் சர்க்கரை செய்கின்றன. அன்னாசி, நியோரெஜீலியா, ஈக்மியா, பில்பெர்ஜியா, சாம்பல் நிற டில்லாண்ட்சியாக்கள் இந்த இரவு முறையைப் பின்பற்றுபவை. காட்டின் அடிநிழலில் ஈரத்தோடு வாழும் குஸ்மேனியாக்கள் பகல் முறைக்காரர்கள்.

இது வெறும் பாடப்புத்தகச் செய்தி இல்லை. செதில் மூடிய டில்லாண்ட்சியாவை மாலையில் நனைத்தால் இரவு முழுவதும் இலைமேல் நீர்ப்படலம் நிற்கும். துளைகள் திறந்தாலும் வாயு உள்ளே வர இடமிருக்காது. இரவு மூச்சு தடைபட்ட செடி மெதுவாக மெலிந்து போகும். காலையில் நனைத்து, பொழுது சாயும் முன் காயவிடுவதுதான் முறை.

நம் ஊரில் வளர்க்க

வாங்கும்போதே இலையைத் தொட்டுப் பாருங்கள். மென்மையாக, மெல்லியதாக, முள்ளில்லாமல், அடர்பச்சையாக இருந்தால் அது நிழல் செடி. கிழக்கு ஜன்னலோரம், வராந்தா, மரநிழல் அதற்கு ஏற்றவை. குஸ்மேனியாவும் பெரும்பாலான விரீசியாக்களும் இந்த வகை. இலை தடித்து, விறைத்து, முள்விளிம்போடு இருந்தால் அதிக வெளிச்சம் கேட்கும். நியோரெஜீலியாவுக்கு நல்ல வெளிச்சம் கிடைத்தால்தான் நிறம் ஏறும். ஆனாலும் சென்னை, மதுரை, திருச்சி போன்ற ஊர்களின் சித்திரை வெயில் நேரடியாகப் பட்டால் இலை வெந்துவிடும். மொட்டைமாடியில் வளர்ப்பவர்கள் கோடையில் நிழல்வலை கட்டியே ஆக வேண்டும். இலை சாம்பல் நிறமாக, செதில் அடர்ந்து இருந்தால் வெளிச்சத்தையும் காற்றோட்டத்தையும் ஒருசேரக் கேட்கும் செடி அது.

டிக்கியா, ஹெக்டியா போன்றவை தரையில் வளரும் வறண்ட நிலச் செடிகள்; கள்ளிக்குத் தரும் மண்கலவையும் வெயிலும் அவற்றுக்குப் பொருந்தும். பிரேசிலில் பிறந்த கிரிப்டாந்தஸ் தரையோடு தரையாக நட்சத்திர வடிவில் விரியும். தொட்டி இல்லாத அது வேரை நம்பியே வாழ்வதால் அதன் மண் காயக்கூடாது.

தொட்டி வகைகளை நட, நீர் தங்காத கலவை வேண்டும். தேங்காய் மட்டைத் துண்டுகள், கரித்துண்டு, உடைத்த செங்கல் ஆகியவற்றைக் கலந்து சிறிய பூந்தொட்டியில் நிரப்பினால் போதும். மட்டையில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்து, நீரை மாற்றிக் கழுவியபின் பயன்படுத்துங்கள். செடியை ஆழமாகப் புதைக்காதீர்கள். இலையடி மண்ணுக்கு மேலே இருக்கட்டும். தோட்ட மண்ணிலும் செம்மண்ணிலும் நட்டால் அடி அழுகும்.

நீரின் தரம் முக்கியம். ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகமுள்ள இடங்களில் நடுக்குவளையில் வெள்ளைப் படிவு சேர்ந்து, செதில்களை அடைத்து, இலைநுனி கருகும். மழைநீரே இவற்றுக்கு இயற்கையான பானம். தமிழ்நாட்டில் 2003-லிருந்து கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அந்த நீரில் ஒரு டிரம் ஒதுக்கி வைத்தால் கோடை வரை கைகொடுக்கும். டில்லாண்ட்சியாவை வாரம் ஒன்றிரண்டு முறை அரைமணி நேரம் நீரில் மூழ்கவைத்து, தலைகீழாக உதறி, காற்றில் காயவிடுங்கள். இலைகளுக்கிடையில் நீர் தங்கினால் உள்ளிருந்து அழுகும். உரம் மிகக் கொஞ்சம் போதும். தழைச்சத்து கூடினால் நியோரெஜீலியா நிறமிழந்து வெறும் பச்சையாக நீண்டுவிடும். தூசி படிந்திருக்கிறது என்று ஈக்மியா ஃபேசியாட்டாவின் இலையைத் துணியால் துடைக்கவும் கூடாது. அதன் வெள்ளிப் பட்டைகள் செதில்கள்தான். துடைத்தால் உதிர்ந்துவிடும், மறுபடி வளராது.

எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை செம்பு பற்றியது. மயில்துத்தத்தில் செய்த போர்டோ கலவையும் காப்பர் ஆக்சிகுளோரைடும் பல செடிகளுக்குப் பூஞ்சண மருந்துகள். புரோமீலியாடுக்கு அவை நஞ்சு. இலைமேல் படும் எதையும் உறிஞ்சும் செதில்கள் செம்பையும் உறிஞ்சிவிடும். பக்கத்துத் தென்னைக்கோ எலுமிச்சைக்கோ மருந்தடிக்கும்போது இவற்றை ஒதுக்கி வையுங்கள். டில்லாண்ட்சியாவைக் கட்டையில் கட்டச் செம்புக்கம்பியைத் தொடாதீர்கள். மீன்பிடி நரம்பு போதும்.

ஒருமுறை பூத்தபின்

குலை தள்ளிய வாழை சாய்வதும் அதன் கன்று தலையெடுப்பதும் நமக்குப் புதிதல்ல. புரோமீலியாடின் வாழ்வும் அப்படித்தான். பெரும்பாலானவற்றில் ஓர் இலையடுக்கு ஒரே ஒருமுறைதான் பூக்கும். பூத்தபின் மாதக்கணக்கில் மெல்ல வாடும். அதற்குள் அடியில் பக்கக்கன்றுகள் வந்துவிடும். பூ வாடியதும் செடி செத்துவிட்டது என்று தூக்கி எறிகிறவர்கள் அடுத்த தலைமுறையையே எறிந்துவிடுகிறார்கள். கன்று தாயின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை வளர்ந்ததும் கூர்மையான சுத்தமான கத்தியால் பிரித்து நடலாம். அதற்கு முன் பிரித்தால் தானாகப் பிழைக்கும் வலு அதற்கு இருக்காது.

ஆண்டீஸ் மலைகளில் பெருவிலும் பொலிவியாவிலும் 3,000 மீட்டருக்கு மேல் வளரும் பூயா ராய்மொண்டி இக்குடும்பத்தின் மிகப்பெரிய உறுப்பினர். பல பத்தாண்டுகள் காத்திருந்து, பத்து மீட்டர் வரை உயரும் பூங்கதிரில் ஆயிரக்கணக்கான பூக்களை விரித்து, விதை சிதறி, கன்று விடாமல் மடிந்துபோகும். கலிபோர்னியாவின் பெர்க்கிலி தாவரவியல் தோட்டத்தில் வளர்க்கப்பட்ட ஒன்று 28 ஆண்டுகளிலேயே, 1986-இல் பூத்தது.

வளர்ந்த செடி பூக்க மறுத்தால் எத்திலீன் வாயு உதவும். புகை பட்ட அன்னாசி பூப்பதை அசோர்ஸ் தீவுகளின் கண்ணாடிக் கூடங்களில் 19-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்திருந்தார்கள். புகையில் உள்ள எத்திலீன்தான் காரணம் என்பது 1930-களில் தெளிவாயிற்று. நம் விவசாயிகள் அன்னாசித் தோட்டம் ஒரே சமயத்தில் பூக்க, எத்திலீனை வெளிவிடும் எத்திஃபான் கரைசலை நடுக்குருத்தில் ஊற்றுவதும் இதே அடிப்படையில்தான். வீட்டில் நடுக்குவளை நீரைக் கொட்டிவிட்டு, பழுத்த ஆப்பிள் ஒன்றோடு செடியைப் பிளாஸ்டிக் பையில் மூடி, வெயில் படாத இடத்தில் ஒரு வாரம் வைக்கலாம். பழம் விடும் எத்திலீன் போதும். செடி முழு வளர்ச்சி அடைந்திருந்தால் இரண்டு மூன்று மாதங்களில் பூங்கதிர் தெரியும்.

கொசுவை மறக்கக்கூடாது

தேங்கிய நீர் என்றதும் டெங்கு நினைவுக்கு வருவது நியாயம். இதற்கு வரலாறும் உண்டு. டிரினிடாட் தீவில் கோகோ தோட்டங்களுக்கு நிழல்தர எரித்ரினா மரங்களை நட்டிருந்தார்கள். நம் கல்யாணமுருங்கை அதே பேரினம். அந்த மரங்களில் புரோமீலியாட்கள் அடர்ந்தன. அவற்றின் நீரில் அனோஃபிலஸ் பெல்லேட்டர் என்ற கொசு பெருகி மலேரியாவைப் பரப்பியது. இரண்டாம் உலகப்போர் காலத்தில் இதை ஆராய அங்கே பணியாற்றியவர் காலின் பிட்டென்ட்ரி. பின்னாளில் உயிர்க்கடிகார ஆய்வின் முன்னோடியாகப் புகழ்பெற்றவர். மரங்களின்மேல் செம்பு சல்பேட்டைத் தெளித்துப் புரோமீலியாட்களை அழிப்பது அங்கே கையாண்ட வழிகளில் ஒன்று. வளர்ப்பவர் நஞ்சென்று ஒதுக்கும் அதே மயில்துத்தம் அங்கே மலேரியா ஒழிப்பின் ஆயுதமானது.

டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர நம் வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு வாரம் போதும். எனவே வாரம் இருமுறை குழாயைப் பிடித்து நடுக்குவளை நீரை வேகமாக அடித்து வெளியேற்றி, புதுநீர் விட வேண்டும். மழைக்காலத்தில் பூந்தொட்டிகளைச் சாய்த்து வைக்கலாம். கொசுப்புழுவை மட்டும் கொல்லும் பிடிஐ என்ற பாக்டீரிய மருந்தும் செடிக்குத் தீங்கு செய்யாது. இதைச் செய்ய நேரமில்லாதவர் தொட்டி வகைகளை விட்டுவிட்டு டில்லாண்ட்சியாவை வளர்ப்பதே அக்கம்பக்கத்தாருக்குச் செய்யும் நன்மை.

பெயரைக் கண்டறிதல்

இனங்காணும் கலை இலைவிளிம்பில் தொடங்குகிறது. நீண்டகாலம் இந்தக் குடும்பத்தை மூன்று துணைக்குடும்பங்களாகப் பிரித்திருந்தார்கள். விளிம்பு வழுவழுப்பாக, முள்ளின்றி இருந்து, காய் வெடித்து இறகுமுனை விதைகள் காற்றில் பறந்தால் டில்லாண்ட்சியா கூட்டம். குஸ்மேனியாவும் விரீசியாவும் இதில் அடங்கும். விளிம்பில் முள்ளிருந்து, சதைக்கனி உருவாகி, பறவையும் விலங்கும் விதை பரப்பினால் புரோமீலியா கூட்டம். அன்னாசி, ஈக்மியா, நியோரெஜீலியா, பில்பெர்ஜியா இதில் வரும். பெரும்பாலும் தரையில் வளர்ந்து, வெடிகாயும் இறகற்ற விதையும் கொண்டவை பிட்கெர்னியா கூட்டம். டிஎன்ஏ ஆய்வுகளுக்குப் பிறகு துணைக்குடும்பங்கள் எட்டாகிவிட்டன. மூன்றாவது கூட்டம்தான் பலவாகப் பிரிந்தது. முதலிரண்டும் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. அதனால் வீட்டுச் சேகரிப்புக்கு அந்தப் பழைய பகுப்பு இன்றும் பயன்படும்.

அடுத்த படிக்குப் பூ வேண்டும். சூற்பை இதழ்களுக்கு மேலா கீழா, இதழ்கள் தனித்தனியா இணைந்தவையா, இதழடியில் சிறு செதில்கள் உண்டா, பூங்கதிர் கிளைத்ததா, இலைகளுக்குள்ளேயே அமிழ்ந்ததா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். கண்ணைக் கவரும் சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் பூவடிச் செதில்களின் நிறம். உண்மையான பூ அதற்குள் ஒளிந்திருக்கும். பல வகைகளில் ஒரே நாளில் வாடிவிடும். பூக்கும் அந்த நாளில் முழுச் செடி, இலைவிளிம்பு, இலையடி, பூங்கதிர், பிரித்த பூ என்று தனித்தனியாகப் படமெடுத்து வையுங்கள்.

படத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்வது எளிதல்ல. ஒரே நியோரெஜீலியா நிழலில் பச்சையாகவும், வெளிச்சத்தில் சிவப்பாகவும், உரம் கூடினால் இரட்டிப்பு நீளமாகவும் நிற்கும். கடையில் விற்பவை பெரும்பாலும் கலப்பினங்கள். அவற்றுக்குக் காட்டுச் சிற்றினத்தின் பெயரை ஒட்டுவது தவறான தகவலைப் பரப்புவதாகும். அறிவியல் பெயர்களும் மாறுகின்றன. நெடுங்காலம் விரீசியா ஸ்ப்ளெண்டன்ஸ் என்று அறியப்பட்ட செடி 2016-இல் லூதேரியா என்ற புதுப் பேரினத்துக்குப் போயிற்று. புளோரிடாவிலும் சிங்கப்பூரிலும் புரோமீலியாட் ஆய்வுக்கு வாழ்வை அர்ப்பணித்த ஹாரி லூதரின் நினைவாக வைத்த பெயர் அது.

இந்தக் குடும்பத்தின் அறிவியலில் பொழுதுபோக்காளரின் பங்கு பெரிது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் லைமன் ஸ்மித், ராபர்ட் டவுன்ஸுடன் சேர்ந்து 1974, 1977, 1979 ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளியிட்ட, இக்குடும்பத்தைப் பற்றிய தொகுப்பு இரண்டாயிரம் பக்கங்களுக்கு மேற்பட்டது. ஆனால் முள்ளும் சதையும் கொண்ட இந்தச் செடிகளை அழுத்தி உலர்த்திப் பாதுகாப்பது கடினம்; பூவின் நிறமும் இதழின் அமைப்பும் தாளில் அழிந்துவிடும். உயிருள்ள சேகரிப்புகளே அந்தக் குறையை நிரப்பின. தோட்டக்கலை வல்லுநரான மல்ஃபோர்ட் ஃபாஸ்டர் பிரேசில் காடுகளில் அலைந்து நூற்றுக்கும் மேற்பட்ட புதிய இனங்களை அறிவியலுக்குக் கொடுத்தார். 1950-இல் தொடங்கிய புரோமீலியாட் சங்கத்துக்கு முதல் தலைவரானார். ஓவியர் மார்கரெட் மீ அமேசானில் வரைந்த படங்கள் தாவரவியல் ஆவணங்களாயின. ரியோ டி ஜெனிரோவில் நீதிபதியாக இருந்த எல்டன் லெமே நூற்றுக்கணக்கான புதிய இனங்களை விவரித்திருக்கிறார்.

சேகரிப்பவரின் பொறுப்பு

பிரேசிலின் அட்லாண்டிக் கரைக்காடு புரோமீலியாட்கள் செறிந்த இடம். அதில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. சில இனங்கள் ஒரே மலையில், ஒரே பாறைச்சரிவில் மட்டும் வாழ்கின்றன. அங்கிருந்து செடியைப் பிடுங்கி விற்பது அந்த இனத்தையே துடைப்பதற்குச் சமம். நடு அமெரிக்காவின் டில்லாண்ட்சியா செரோகிராஃபிகா, குவாத்தமாலாவின் டில்லாண்ட்சியா ஹாரிசி ஆகியவை, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பது அதனால்தான். வளர்ப்புக்கூடத்தில் விதையிலிருந்தோ கன்றிலிருந்தோ வந்தது என்ற உறுதி இல்லாத செடியை வாங்காதீர்கள்.

வெளிநாட்டுச் செடியைத் தாள்களின்றி பையில் மறைத்துக் கொண்டுவருவது இன்னும் பெரிய கேடு. மெக்சிகோவிலிருந்து வந்த செடிகளோடு நுழைந்த மெட்டாமேசியஸ் காலிசோனா என்ற கூன்வண்டு 1989-இல் புளோரிடாவில் கண்டறியப்பட்டது. அதன் புழு தண்டைக் குடைந்து செடியைக் கொல்கிறது. புளோரிடாவின் காடுகளில் இயற்கையாக வளரும் டில்லாண்ட்சியாக்கள் அதனால் பேரளவில் மடிந்தன. இந்தியாவில் செடி இறக்குமதிக்கு அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை சொல்கிறது. இங்கே காட்டில் புரோமீலியாட் இல்லாவிட்டாலும், அன்னாசித் தோட்டங்கள் இருக்கின்றன. அவற்றைத் தாக்கக்கூடிய பூச்சிக்கு நாம் வழிகாட்டக்கூடாது.

சேகரிப்பின் மதிப்பு எண்ணிக்கையில் இல்லை, சீட்டில் இருக்கிறது. பெயர், யாரிடம் வாங்கியது, எந்தத் தேதி, தெரிந்தால் மூல இடம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதித் தொட்டியில் செருகுங்கள். மை வெயிலில் வெளிறிவிடும், பென்சில் நிற்கும். குறிப்பேட்டிலும் ஒரு படி வையுங்கள். சீட்டு தொலைந்த செடி அழகாக இருக்கலாம், அறிவியலுக்கு அது பயன்படாது. பெயர் தெரியாவிட்டால் ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். ஊகித்த பெயரை எழுதாதீர்கள். கன்று பிரித்து நண்பருக்குக் கொடுக்கும்போது சீட்டையும் சேர்த்தே கொடுங்கள்.

அடுத்தமுறை நர்சரிக்குப் போகும்போது பூவின் விலையைக் கேட்பதற்கு முன் செடியின் பெயரையும் அது எங்கிருந்து வந்தது என்பதையும் கேளுங்கள். கேட்பவர்கள் பெருகினால் விற்பவர்களும் எழுதி வைப்பார்கள்.